அலை ஏன் இறங்கியது? நோய்ப் பரவல் கணிப்புகளைப் புரிந்துகொள்ள ஒரு விளக்கம்

2014 செப்டம்பரில், மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஒரு கணக்கை வெளியிட்டது. நிலைமை இப்படியே தொடர்ந்தால் லைபீரியா, சியரா லியோன் ஆகிய இரு நாடுகளில் மட்டும் 2015 ஜனவரி 20க்குள், பதிவாகாமல் போகிறவர்களையும் சேர்த்து, 14 லட்சம் பேர் வரை நோய்வாய்ப்படக்கூடும் என்றது அது. நோய் முற்றாக ஓய்ந்தபோது மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலும் பதிவானவர்கள் சுமார் 28,600 பேர். இறந்தவர்கள் 11,300க்கும் மேல்.

2020 அக்டோபரில் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த நிபுணர் குழு, கொரோனா உச்சத்தைத் தாண்டிவிட்டது என்றது. தற்காப்பு நடைமுறைகள் தொடர்ந்தால் 2021 பிப்ரவரி வாக்கில் தொற்று ஏறக்குறைய அடங்கிவிடும் என்றும் சொன்னது. 2021 மே முதல் வாரத்தில் ஒரே நாளில் 4 லட்சத்து 14 ஆயிரம் புதிய தொற்றுகள் பதிவாயின.

ஒரு கணிப்பு மலையளவு கூடிப்போனது, இன்னொன்று மலையளவு குறைந்துபோனது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர், நோயைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் இவை இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. முதலாவதைத் தவறு என்றே சொல்லக்கூடாது. இரண்டாவது உண்மையான தவறு, அதற்குத் திட்டவட்டமான காரணமும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கணக்கின் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று கூட்டங்கள்

நோய்ப் பரவலுக்கான மிக எளிய கணித மாதிரி, ஒரு ஊரின் மக்களை மூன்று கூட்டங்களாகப் பிரிக்கிறது.

1. இன்னும் நோய் வராதவர்கள். நோய் வர வாய்ப்புள்ளவர்கள் இவர்கள்தான்.
2. இப்போது நோயோடு இருப்பவர்கள். மற்றவர்களுக்குப் பரப்பக்கூடியவர்கள்.
3. குணமானவர்கள் அல்லது இறந்தவர்கள். இனி இவர்களுக்கு நோய் வராது, இவர்களால் பரவவும் செய்யாது.

முதல் கூட்டத்திலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் ஒரு நாளில் எத்தனை பேர் நகர்கிறார்கள் என்பதுதான் முழுக் கணக்கும். இந்த மூன்று கூட்டங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை எஸ்ஐஆர் மாதிரி என்கிறார்கள்.

இதில் அடிக்கடி காதில் விழும் சொல் 'ஆர்'. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பதே அந்த எண். யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத தொடக்க நிலையில் இருக்கும் மதிப்பை 'ஆர் நாட்' என்பார்கள். ஒருவர் ஒரு நாளில் எத்தனை பேரோடு நெருங்கிப் பழகுகிறார், ஒவ்வொரு நெருக்கத்திலும் நோய் தொற்ற எவ்வளவு வாய்ப்பு, அவர் எத்தனை நாள் பரப்பும் நிலையில் இருக்கிறார் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அது கிடைக்கும். பொதுச் சுகாதார நடவடிக்கைகள் எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் மேல்தான் கை வைக்கின்றன. ஊரடங்கு முதலாவதைக் குறைக்கிறது, முகக்கவசம் இரண்டாவதை, சீக்கிரம் கண்டறிந்து தனிமைப்படுத்துவது மூன்றாவதை. தடுப்பூசியின் வேலை வேறு. அது நோய் வர வாய்ப்புள்ளவர்களின் கூட்டத்தையே சிறிதாக்குகிறது.

ஆர் 1க்கு மேல் இருந்தால் நோய் பெருகும், கீழே போனால் தேயும். அதனால் எல்லோருக்கும் எதிர்ப்பாற்றல் வந்தாக வேண்டும் என்பதில்லை. ஆர் நாட் 2.5 என்றால் 60 சதவீதம் பேருக்கு வந்தாலே, 2.5இல் 40 சதவீதமான 1 மட்டுமே மிஞ்சும், பரவல் இறங்கத் தொடங்கும். தட்டம்மைக்கு அந்த எண் 12 முதல் 18 வரை என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. அப்படியானால் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசி 95 சதவீதக் குழந்தைகளைச் சேர வேண்டும் என்று சுகாதாரத் துறை விடாப்பிடியாக நிற்பது இந்தக் கணக்கினால்தான்.

ஒரு லட்சம் பேர் உள்ள ஊர்

ஒரு ஊரில் 1 லட்சம் பேர். புதிய நோய் ஒன்று நுழைகிறது. ஆர் நாட் 2.5. ஒரு நோயாளி 5 நாள் பரப்புகிறார். யாரும் எதையும் செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு சமன்பாட்டைத் தீர்த்தால், உச்ச நாளில் ஒரே சமயத்தில் நோயோடு இருப்பவர்கள் சுமார் 23,300 பேர். அலை ஓய்வதற்குள் ஊரில் 89 சதவீதம் பேருக்கு நோய் வந்து போயிருக்கும்.

இப்போது முகக்கவசம், கூட்டங்களுக்குத் தடை, விரைவான பரிசோதனை எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை 1.5 ஆக இறக்குகின்றன என்று கொள்வோம். நோய் நிற்கவில்லை, ஆர் இன்னும் 1க்கு மேல்தான் இருக்கிறது. ஆனால் உச்ச நாளில் நோயோடு இருப்பவர்கள் சுமார் 6,300 பேர் மட்டுமே. மொத்தத்தில் பாதிக்கப்படுவது 58 சதவீதம் பேர்.

நோயோடு இருப்பவர்களில் 100க்கு 2 பேருக்கு ஆக்சிஜன் படுக்கை வேண்டும் என்றால், முதல் நிலையில் ஒரே நாளில் 466 படுக்கைகள் தேவை. இரண்டாம் நிலையில் 126. அந்த ஊர் அரசு மருத்துவமனையில் 150 ஆக்சிஜன் படுக்கைகள் இருந்தால், முதல் நிலையில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் படுக்கை கிடைக்காமல் வாசலில் காத்திருப்பார்கள். இரண்டாவதில் எல்லோருக்கும் இடம் இருக்கும். மொத்த நோயாளிகள் மூன்றில் ஒரு பங்கு குறையும்போது, உச்சத்தின் உயரம் நான்கில் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது. இதை மனக்கணக்கால் ஊகிக்க முடியாது, சமன்பாடு வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஒருவருக்குக் கணித மாதிரியால் கிடைக்கும் மிகப் பெரிய உதவி இதுதான். எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதைவிட, எந்த நடவடிக்கை உச்சத்தை எவ்வளவு இறக்கும் என்பதையே அது நம்பகமாகச் சொல்லும்.

பம்பாயில் தொடங்கிய கதை

இந்த மாதிரியின் பிறப்பில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் 1897இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ், பிறகு கணக்கிலும் இறங்கினார். கொசுவை முற்றாக ஒழிக்கவே முடியாது, ஆகவே கொசு ஒழிப்பே வீண் என்று வாதிட்டவர்களுக்கு அவர் சமன்பாட்டால் பதில் சொன்னார். கொசுக்களின் எண்ணிக்கையை ஒரு வரம்புக்குக் கீழே கொண்டுவந்தால் போதும், மலேரியா தானாகத் தேய்ந்துவிடும் என்று காட்டினார்.

ராஸோடு பணியாற்றியவர் ஆண்டர்சன் மெக்கெண்ட்ரிக். இந்திய மருத்துவப் பணியில் இருந்த இவர் கசௌலியின் பாஸ்டர் நிறுவனத்துக்குத் தலைமை வகித்தவர். ஸ்காட்லாந்து திரும்பிய பின், ஆய்வக விபத்தில் பார்வையை இழந்த வேதியியலாளர் வில்லியம் கெர்மக்கோடு சேர்ந்து 1927இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய மாதிரிகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தக் கட்டுரையின் வழித்தோன்றல்களே.

சமன்பாட்டைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது பம்பாய்ப் பிளேக். 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரை வாரவாரம் நேர்ந்த சாவுகளைப் புள்ளிகளாக வைத்து, அதன் மேல் தங்கள் வளைவை வரைந்தார்கள். உச்சத்தில் வாரத்துக்கு 900 அளவில் இருந்த சாவுகள் ஏறிய விதமும் இறங்கிய விதமும் வளைவோடு அழகாகப் பொருந்தின. நோய் வர வாய்ப்புள்ளவர்கள் குறைந்துபோனதால் அலை இறங்கியது என்பது மாதிரி தந்த விளக்கம்.

பிளேக் அப்படிப்பட்ட நோயே அல்ல. அது எலிகளின் நோய், தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு வருவது. பம்பாயில் அது ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே பருவத்தில் ஏறி, அதே பருவத்தில் இறங்கியது. நோய் வர ஆளில்லாமல் போனதால் இறங்கியிருந்தால், அடுத்த ஆண்டே அதே நகரில் மறுபடி ஏறியிருக்காது. வெப்பமும் பருவமும் எலிகளும் செய்த வேலையை, சமன்பாடு எதிர்ப்பாற்றலின் கணக்கில் எழுதிவிட்டது. கெர்மக்கும் மெக்கெண்ட்ரிக்கும் இதை மறைக்கவில்லை. தங்கள் நிபந்தனைகள் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை, இது மிகத் தோராயமானது என்று கட்டுரையிலேயே எழுதினார்கள். அந்த எச்சரிக்கையைத்தான் பின்னால் வந்த பலர் மறந்துவிட்டார்கள்.

ஒரு வளைவு தரவோடு பொருந்துகிறது என்பதால் அது சொல்லும் காரணம் உண்மையாகிவிடாது. மக்கள் பயந்து வீட்டில் இருந்தாலும் அலை இறங்கும், பருவம் மாறினாலும் இறங்கும், பாதிப் பேருக்கு நோய் வந்து போயிருந்தாலும் இறங்கும். தாளில் மூன்றும் ஒரே கோடாகத்தான் தெரியும். அடுத்து வரப்போவதோ மூன்றிலும் வேறு வேறு.

'நடந்தால்' என்பதும் 'நடக்கும்' என்பதும்

சிடிசியின் 14 லட்சத்துக்கு வருவோம். அது நிபந்தனைக் கணக்கு. எந்தக் கூடுதல் முயற்சியும் இல்லாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கான விடை. அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. நோயாளிகளில் 70 சதவீதம் பேரைச் சிகிச்சை மையங்களிலோ, பாதுகாப்பான ஏற்பாட்டோடு வீட்டிலோ தனிமைப்படுத்தி, இறந்தவர்களின் அடக்கத்தையும் பாதுகாப்பாகச் செய்தால், ஜனவரியில் நோய் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிடும் என்றது அது. தலைப்புச் செய்தியானது முதல் எண் மட்டுமே. பிறகு சிகிச்சை மையங்கள் எழும்பின, அடக்க முறைகள் மாறின, ஊர் மக்களே நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள். நிபந்தனை மாறியது, விடையும் மாறியது.

2020 மார்ச் 16 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நீல் ஃபெர்குசன் குழு வெளியிட்ட எண்களும் இதே வகை. பிரிட்டனில் 5 லட்சத்து 10 ஆயிரம் சாவுகள், அமெரிக்காவில் 22 லட்சம் என்பவை, அரசும் மக்களும் எதையும் செய்யாமல் இருந்தால் வரும் எண்கள். அப்படி எந்த நாடும் இருக்காது.

புயல் எச்சரிக்கையைக் கேட்டு மக்கள் முகாமுக்குப் போனாலும் புயல் தன் பாதையை மாற்றிக்கொள்ளாது. நோய் அப்படி இல்லை. எச்சரிக்கையைக் கேட்டு மக்கள் நடந்துகொள்ளும் விதமே நோயின் பாதையை மாற்றுகிறது. ஆகவே பயன் தந்த எச்சரிக்கைக் கணக்கு, பிறகு பார்க்கும்போது பொய்த்துப்போனது போலவே தெரியும். இதை வைத்துக் கணிப்பாளர்களைத் திட்டுவது நியாயமில்லை.

2020 அக்டோபர்: எங்கே சறுக்கியது?

இந்தியக் குழுவின் கதை வேறு. ஐஐடி ஹைதராபாத்தின் எம். வித்யாசாகர், ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால் ஆகியோர் இடம்பெற்ற அந்தக் குழு, பதிவான தொற்று எண்களை வைத்து மாதிரியின் எல்லா அளவுகளையும் கணக்கிட்டது. பதிவாகாமல் போன தொற்று எவ்வளவு என்பதையும் அதே எண்களிலிருந்து பெற முயன்றது. அதன்படி 2020 அக்டோபரிலேயே நாட்டில் 30 சதவீதம் பேருக்கு நோய் வந்து போயிருந்தது, பிப்ரவரிக்குள் 50 சதவீதத்தை எட்டும்.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சீரோ சர்வே வேறு கதை சொன்னது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் ஆகஸ்ட், செப்டம்பரில் நடத்திய நாடு தழுவிய ஆய்வில் ஏறக்குறைய 7 சதவீதம். டிசம்பர், ஜனவரியில் நடத்திய அடுத்த ஆய்வில் 21 சதவீதத்துக்குச் சற்றே மேல். எதிர்ப்பொருள் நாளடைவில் குறையும், பரிசோதனை சிலரைத் தவறவிடும் என்பதெல்லாம் உண்மைதான். அதையெல்லாம் கணக்கில் எடுத்தாலும், குழு அக்டோபரில் எட்டியதாகச் சொன்ன அளவை நாடு ஜனவரியிலும் எட்டியிருந்ததா என்பது சந்தேகமே.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது? மக்கள் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிய நிலையில் ஆர் நாட் 2.5 என்று கொள்வோம்.

1. 50 சதவீதம் பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால், ஒரு நோயாளி 1.25 பேருக்குப் பரப்புவார். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவுவதை ஒரு சுற்று என்று கொண்டால், 100 நோயாளிகள் 10 சுற்றுகளில் சுமார் 930 ஆவார்கள்.
2. 20 சதவீதம் பேருக்கு மட்டும் இருந்தால், ஒருவர் 2 பேருக்குப் பரப்புவார். அதே 100 பேர் அதே 10 சுற்றுகளில் 1 லட்சத்தைத் தாண்டுவார்கள்.

போகப்போக எதிர்ப்பாற்றல் கூடி வேகம் குறையும் என்பதை இங்கே விட்டுவிட்டோம். அப்படியும் ஒன்று சமாளிக்கக்கூடிய நிலை, மற்றொன்று பேரிடர் என்பது தெளிவு. 2021 பிப்ரவரியில் தினசரித் தொற்று 10 ஆயிரத்தை ஒட்டி இறங்கியிருந்தபோது, இந்தியா இரண்டில் எந்த நிலையில் இருந்தது என்பதைத் தொற்று எண்களின் வளைவு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ரத்த ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்தன.

இரண்டாம் அலையைக் கிளப்பிய டெல்டா வகைக் கிருமியின் வேகத்தை எந்தச் சமன்பாடும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஏப்ரல் 2 அன்று அதே மாதிரியைக் கொண்டு அரசுக்கு அளிக்கப்பட்ட கணிப்பு, அம்மாத மூன்றாம் வாரத்தில் நாளொன்றுக்கு 1 லட்சம் அளவில் உச்சம் வரும் என்றது. அந்தக் கணிப்பு தவறிவிட்டது என்று அறிவியல் தொழில்நுட்பத் துறையே மே மாதம் அறிக்கை வெளியிட்டது. அந்த வெளிப்படைத்தன்மை பாராட்டத்தக்கது. வருத்தம் என்னவென்றால், உச்சம் தாண்டிவிட்டது என்ற ஒற்றை வாக்கியம் அதற்கு ஆறு மாதம் முன்பே நாடெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. தற்காப்பு நடைமுறைகள் தொடர்ந்தால் என்ற நிபந்தனை அதோடு போய்ச் சேரவில்லை.

2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, தடுப்பூசி போட்டவர்களையும் சேர்த்து 67.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டின் சொந்த ஆய்வில் 66.2 சதவீதம். ஜனவரியில் எவ்வளவு பேர் பாதுகாப்பின்றி இருந்தார்கள் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

சராசரி மறைப்பது

எளிய மாதிரியின் இன்னொரு பலவீனம், ஊரில் எல்லோரும் எல்லோரோடும் சமமாகக் கலந்து பழகுகிறார்கள் என்று அது எடுத்துக்கொள்வது. மும்பையின் மூன்று வார்டுகளில் 2020 ஜூலையில் எடுத்த ரத்த ஆய்வு இதைப் போட்டு உடைத்தது. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள், அதே வார்டுகளின் மற்றக் குடியிருப்புகளில் 16 சதவீதம். இரண்டையும் சேர்த்து ஒரு சராசரி போட்டால் அது எந்தத் தெருவுக்கும் பொருந்தாது. பத்துப் பேர் ஒரே அறையில், நூறு பேருக்கு ஒரே கழிப்பறை என்று வாழ்கிறவர்களுக்கு ஆர் எண் வேறு. அடுத்து நோய் எங்கே பரவும் என்ற கேள்விக்கும் விடை தலைகீழாகிறது. குடிசைப் பகுதியில் வேகம் குறையும், இதுவரை தப்பித்த அடுக்குமாடிகளில் கூடும்.

இதற்காகத்தான் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியும் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆரும் சேர்ந்து, நகரவாசி ஒவ்வொருவரையும் வீடு, வேலையிடம், ரயில் பயணம் என்று தனித்தனியாகக் கணினியில் நடமாடவிடும் மாதிரியை உருவாக்கின. புறநகர் ரயிலை எப்போது, எவ்வளவு திறக்கலாம் என்பது போன்ற கேள்விகளை அதில் கேட்க முடியும். சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் சிதாப்ர சின்ஹா, எதிர்காலத்தைத் தொலைநோக்கிச் சொல்லாமல், இன்றைய ஆர் எண் எவ்வளவு என்பதை மாநிலவாரியாகத் தொடர்ந்து கணக்கிட்டுவந்தார். இன்று 1க்கு மேலா கீழா என்பது அடக்கமான தகவல்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு அப்பால் சொல்லும் உச்சத் தேதியைவிட ஒரு சுகாதாரச் செயலருக்கு அதுவே அதிகம் உதவும்.

ஒரு கணிப்பைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

1. இது நிபந்தனைக் கணக்கா, நேரடிக் கணிப்பா? நிபந்தனை என்றால் அது எது?
2. ஒற்றை எண் தருகிறார்களா, கீழ் எல்லையும் மேல் எல்லையும் தருகிறார்களா? எல்லை சொல்லாத எண்ணை வைத்துப் படுக்கை வாங்கக் கூடாது.
3. ஏற்கெனவே எத்தனை பேருக்கு நோய் வந்து போயிற்று என்பதை எப்படி அறிந்தார்கள்? அளந்தார்களா, மாதிரியே ஊகித்ததா?
4. எவ்வளவு தூரத்துக்கு? இரண்டு, மூன்று வாரக் கணிப்பில் நம்பிக்கை வைக்கலாம். ஐந்து மாதம் என்றால் நடத்தை, பருவம், புதிய வகைக் கிருமி எல்லாம் குறுக்கே வரும்.

அமெரிக்காவின் சுகாதாரப் புள்ளிவிவர ஆய்வு நிறுவனமான ஐஎச்எம்இ 2020 ஏப்ரலில், ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் அந்நாட்டில் சுமார் 60 ஆயிரம் பேர் இறப்பார்கள் என்றது. மற்ற நகரங்களில் அலை இறங்கிய வடிவத்தை அப்படியே பொருத்தி எடுத்த எண் அது. ஆகஸ்டில் சாவுகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தன. மூன்றாவது கேள்வியும் நான்காவது கேள்வியும் அங்கே கேட்கப்படவில்லை.

அளவெடுக்கும் வேலை

இந்தக் குறைகளுக்கு மருந்து, மேலும் சிக்கலான சமன்பாடு அல்ல. 1927இன் சமன்பாடே பல தேவைகளுக்குப் போதும். அதில் போடுவதற்கு நம்மிடம் உள்ள எண்கள்தான் போதவில்லை. சீரான இடைவெளியில் ரத்த ஆய்வு, கழிவுநீரில் கிருமி அளவு, கிருமியின் மரபணு வரிசை, மாவட்டவாரியான பரிசோதனை விவரம் ஆகியவை தாமதமின்றி ஆய்வாளர்கள் கைக்கு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், யார் எப்போது எதனால் இறந்தார் என்ற பதிவு வேண்டும்.

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் கொரோனாவால் நேரடியாகவும் மறைமுகமாகவும் நேர்ந்த கூடுதல் சாவுகள் சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அரசின் பதிவில் இருந்தது சுமார் 4.8 லட்சம். கணித மாதிரியைக் கொண்டு இப்படி மதிப்பிடுவதை ஏற்க மாட்டோம் என்று இந்திய அரசு மறுத்தது. நாடு முழுவதற்குமான இறப்புப் பதிவு முழுமையாக, உரிய நேரத்தில் வெளியாகியிருந்தால் அங்கே மாதிரிக்கே வேலை இருந்திருக்காது. கிராம நிர்வாக அலுவலரும் நகராட்சி ஊழியரும் எழுதும் அந்த ஒவ்வொரு பதிவும், அடுத்த கொள்ளைநோய்க்கு எத்தனை ஆக்சிஜன் படுக்கை வேண்டும் என்ற கணக்கில் நேராகப் போய் உட்காரும் எண். அதற்கான ஆட்களையும் பணத்தையும் நோய் வராத ஆண்டுகளிலேயே ஒதுக்க வேண்டும்.